எங்கட பூல், ஊர்ப் பூல்

2023 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பர் ஒருவரின் வீட்டில் பிறந்தநாள் கொண்டாட்டம். கராஜில் சாப்பாடு, பின்வளவில் பூல். பூலைச் சுற்றிக் கண்ணாடி வேலி. கையை விட்டால் தானாகவே சாத்திக்கொள்ளும் கேற். தட்டோடு போய்வருகிற ஆட்களுக்கு ஒவ்வொரு முறையும் அதைத் திறப்பது கரைச்சலாக இருந்திருக்க வேண்டும். யாரோ ஒரு பிளாஸ்டிக் கதிரையை முட்டுக்கொடுத்து அதைத் திறந்தபடி விட்டிருந்தார்கள். நானும் அந்தக் கதிரையைக் கண்டேன். ஒன்றும் செய்யவில்லை.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. நான் அவளிடமிருந்து ஆறு, ஏழு மீற்றர் தள்ளி ஒரு கையில் ரோல்ஸும் மறுகையில் கோக்குமாக நின்று, வீட்டுக்கடன் வட்டி ஏறிக்கொண்டே போவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீருக்குள் போன சத்தம் எனக்குக் கேட்கவில்லை. படங்களில் வருவதுபோல கையை அடித்துக் கத்துவதெல்லாம் இல்லை. தண்ணீருக்குள் தலைமயிர் விரிந்து மிதந்ததைத்தான் கண்டேன்.

ஓடினேன். ஓடிப்போய்க் கரையில் நின்றுவிட்டேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. சிட்னியில் பிறந்து, சிட்னியில் படித்து, பொறியியலில் முதுமாணிப் பட்டமும் எடுத்த முப்பத்தைந்து வயது ஆள். ஆழமான பக்கத்தில் கால் எட்டுமா என்று அந்த மூன்று விநாடியும் என் மூளை கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் பதினாலு வயதுப் பிள்ளையொருத்தி, போட்டிருந்த பாவாடை சட்டையோடு குதித்து, மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மகள் இருமினாள், சத்தி எடுத்தாள், அழுதாள். என் மனைவி தாதி. அன்று வேலையில் நின்றார். தொலைபேசியில் சொன்னதும் “கதைக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு வாங்கோ” என்றார். நாலு மணித்தியாலம் வைத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். காரில் வரும்போது மகள் கேட்டாள்: “கேக் வெட்டிட்டினமோ?”

அன்று இரவே நான் ஒரு முடிவெடுத்தேன். எங்கள் வளவிலும் ஒரு பூல் கட்டவேண்டும்.

சிரிக்காதீர்கள். பூலில் விழுந்த பிள்ளையின் தகப்பன் பூல் கட்ட நினைத்தது பைத்தியக்காரத்தனம் என்று இப்போது எனக்கும் தெரிகிறது. அந்த நேரம் அது சரியாகத்தான் பட்டது. வீட்டிலேயே தண்ணீர் இருந்தால் அவள் தினமும் பழகுவாள், பயம் போய்விடும், கேற்றை நானே கவனிப்பேன், யாரும் கதிரை வைக்க மாட்டார்கள். டூங்காபியில் எங்களுக்கு ஓரளவு பெரிய பின்வளவு இருக்கிறது. கறிவேப்பிலை, முருங்கை, அம்மாவின் கத்தரிப் பாத்தி ஆகியவற்றைத் தள்ளினால் எட்டு மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம் எடுக்கலாம்.

பிறகு நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். எக்செல் திறந்தேன்.

எட்டுக்கு நாலு, சராசரி ஆழம் 1.4 மீற்றர் என்றால் ஏறத்தாழ 45,000 லீற்றர் தண்ணீர். நியூ சவுத் வேல்ஸில் 40,000 லீற்றருக்கு மேற்பட்ட பூல் என்றால் தண்ணீர், மின்சாரச் சிக்கனத்துக்குத் தனியாக ஒரு சான்றிதழும் வேண்டும். 1992ஆம் ஆண்டின் நீச்சல் தடாகச் சட்டம் வேலிக்கு உயரம் சொல்கிறது, குறைந்தது 1.2 மீற்றர். கேற் பூலுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் திறக்கவேண்டும், தானாகவே சாத்திப் பூட்டவேண்டும். மாநிலப் பதிவேட்டில் பதியவேண்டும். மூச்சு நின்றால் என்ன செய்வது என்ற அறிவிப்புப் பலகையும் மாட்டவேண்டும். எனக்குக் கிடைத்த விலை, வேலியும் தரைக்கல்லும் சேர்த்து 80,000 டொலர். பம்புக்கு மின்சாரம், குளோரின், துப்புரவு, திருத்தம் என்று ஆண்டுக்கு 2,000 என்று போட்டேன். பத்து ஆண்டில் ஒரு லட்சம். சிட்னியில் சூடாக்காத பூலில் ஆண்டுக்கு ஐம்பது நாள் இறங்கினாலே பெரிய விஷயம். ஆக, ஒரு நாள் இறங்க 200 டொலர்.

மனைவி அந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: “சரி, கட்டுவம். ஆர் பழக்குறது? நீங்களோ?”

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இந்த நாட்டில் அதிகமாக மூழ்கி இறப்பது கடலிலோ ஆற்றிலோ இல்லை, வீட்டுப் பூல்களில். கேற்றைத் திறந்துவிடுவதும், பெரியவர்கள் ஒரு நிமிடம் கண்ணை எடுப்பதும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணங்கள். மனைவிக்கு அது வேலையில் கண்ட அறிவு. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்த அறிவு.

நான் ஏன் நீந்தப் பழகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். உங்களில் சிலருக்கும் இதே கதை இருக்கும். பள்ளியில் நீச்சல் வகுப்பு இருந்தது. அது வரும்போதெல்லாம் அம்மா வகுப்பாசிரியருக்கு ஒரு துண்டு எழுதித் தருவார்: பிள்ளைக்குச் சளி. நீச்சல் போட்டி நாளன்று பரமட்டாவில் இருந்த பழைய தடாகத்துக்குக் கொண்டுபோவார்கள். நான் சீருடையோடு, சப்பாத்தும் மேசும் கழற்றாமல், சீமெந்துப் படியில் இருந்து என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கை தட்டுவேன். ஆண்டுதோறும் பெப்ரவரியில் எனக்குச் சளி. எந்த ஆசிரியரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

பூல் கதை தொடங்கியதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கத்தரிப் பாத்தியைக்கூட விட்டுக்கொடுக்கத் தயார். “எங்கட பூல் எண்டால் சரி. அந்த ஊர்ப் பூலுக்கு மட்டும் பிள்ளையைக் கொண்டுபோகாதை. கண்டவனும் நிண்டவனும் குளிச்ச தண்ணி.”

அம்மா அதைச் சொன்ன விதத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. “சூடு ஆறமுதல் தேத்தண்ணியைக் குடி” என்பதுபோலச் சொன்னார். ஆனால் அன்றுதான் முதன்முறையாக எனக்கு விளங்கியது. அந்தச் சளிக்குப் பின்னால் இருந்தது இந்தத் தண்ணீர்தான்.

சுத்தம் என்று பார்த்தால் அம்மா சொல்வது சரியில்லை. பொதுத் தடாகத்தில் தண்ணீரை நாளுக்குப் பல தடவை சோதிக்கிறார்கள். நான் கேட்டுப் பார்த்த அளவில், வீட்டுப் பூல் வைத்திருக்கும் எங்கள் ஆட்களில் வாரத்துக்கு ஒரு தடவையாவது சோதிப்பவர் ஒருவர்தான். அவரும் இரசாயனவியல் ஆசிரியர். மூக்கில் ஏறும் அந்த ‘பூல் மணம்’ சுத்தத்தின் மணமும் இல்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் வேறொரு பொருளின் மணம் அது. இதையெல்லாம் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். “ஓம், ஓம்” என்றார். என்ன சொன்னாலும் அவருடைய பதில் குளோரினில் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

‘கண்டவனும் நிண்டவனும்’ என்ற சொல் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்காக மொறீ பற்றிப் படித்தது ஞாபகம் வந்தது. நியூ சவுத் வேல்ஸின் வடக்கே ஒரு சிறிய ஊர். நிலத்தடியிலிருந்து வெந்நீர் வரும். அந்த நீரில் நகரசபை ஒரு குளிப்பிடம் கட்டி வைத்திருந்தது. 1955இல் அதே சபை, பூர்வகுடி மக்கள் அதற்குள் வரக்கூடாது என்று விதி எழுதியது. பத்து ஆண்டு கழித்து, 1965 பெப்ரவரியில், சார்ள்ஸ் பேர்க்கின்ஸும் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் முப்பது பேரும் ஒரு பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகப் போனார்கள். மொறீயில் பேர்க்கின்ஸ் உள்ளூர்ப் பூர்வகுடிச் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு தடாகத்தின் வாசலில் போய் நின்றார். ஊர்ச்சனம் முட்டையும் தக்காளியும் எறிந்தது. அவர்கள் நகரவில்லை. கடைசியில் பிள்ளைகளை உள்ளே விட்டார்கள்.

தேர்தல் சாவடியிலும் வேலைத்தளத்திலும் சண்டை வந்தால் எவருக்கும் விளங்கும். ஒரு குளிப்பிடத்துக்கு ஏன் இவ்வளவு? தண்ணீர் ஒருவரின் தோலைத் தொட்டுவிட்டு மற்றவரின் தோலைத் தொடும் என்பதால்தான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மொன்கோமரி நகரம், கறுப்பினத்தவரைச் சேர்க்கவேண்டி வந்தபோது, தன் பூங்காக்களையும் தடாகங்களையும் 1959இல் முழுவதுமாகப் பூட்டிவிட்டது. அதாவது தானும் நீந்தவில்லை. வேறு பல நகரங்களிலும் இதே கதை. வசதியுள்ள வெள்ளையர்கள் தங்கள் வளவுக்குள்ளும் உறுப்பினர் மட்டும் வரும் கழகங்களுக்குள்ளும் பூல் வைத்துக்கொண்டார்கள். வளவுப் பூல் ஒரு காலத்தில் எதிலிருந்து தப்பி ஓடுவதற்காகப் பெருகியது என்பதைப் படித்தபோது என் எக்செலை நான் மூடவில்லை. ஆனால் சேமிக்கவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பாவிடம் கேட்டேன். என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளித் தமிழ். பெரிய விஷயங்களை அதில் கேட்க எனக்கு எப்போதும் தடுமாற்றம். “அப்பா, உங்கட வீட்டுக் கிணத்தில எல்லாரும் தண்ணி அள்ளலாமோ?”

அப்பா முருங்கைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். உரித்து முடிக்கும்வரை பேசவில்லை.

கோப்பாய்ப் பக்கத்தில் அவருடைய வீடு. நல்ல தண்ணிக் கிணறு, துலா போட்டது. காலையில் ஒழுங்கைப் பக்கமிருந்து சில குடும்பங்கள் குடத்தோடு வருவார்களாம். அவர்கள் கிணற்றுக் கட்டைத் தொடக்கூடாது, வாளியைத் தொடக்கூடாது, துலாவைத் தொடக்கூடாது. வேலிக்கு இந்தப் பக்கமாக நிற்கவேண்டும். வீட்டு ஆள் ஒருவர் அள்ளி, குடத்தில் முட்டாமல் உயரத்தில் பிடித்து ஊற்றவேண்டும்.

“அப்பம்மாவுக்கு ஒரு நாள் காய்ச்சல். என்னைப் போய் ஊத்தச் சொன்னவ. எனக்கு ஒன்பது வயது. அண்டைக்குக் குடத்தோட வந்து நிண்டவன் என்ர வகுப்புப் பெடியன். ரெண்டு வாங்கு தள்ளி இருக்கிறவன். நான் ஊத்தினனான். அவன் குடத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவன். நிமிரேல்லை.”

அவனுடைய பெயரையும் சொன்னார். அறுபது ஆண்டு கழித்தும் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. நான் அதை இங்கே எழுதவில்லை.

பிறகு, ஏதோ சமாதானம் சொல்வதுபோல, “அந்தக் கிணத்தில தண்ணி வத்தினதே இல்லை” என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்கவேண்டும். கத்தியை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, வெடிப்புகளிலும் குகைகளிலும் நிறைந்து நிற்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள் அள்ளுவது அந்த ஒரே சேமிப்பிலிருந்துதான். கீரிமலைக் கேணிக்குள் ஊறுவதும் அப்படி நிலத்துக்கடியால் வரும் தண்ணீர்தான். மேலே வேலி, கீழே ஒரே தண்ணீர். இதை நீரியல் பாடத்தில் நான் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கிணற்றோடு சேர்த்து யோசித்ததில்லை.

இவ்வளவும் கேட்டபிறகு வீட்டுப் பூல் வைத்திருப்பவரெல்லாம் மோசம் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் காசில் ஹில்லில் என் சித்தி இருக்கிறார். 87இல் வடமராட்சியில் செல் விழுந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. இடது காலில், தொடையிலிருந்து கெண்டைவரை அந்தக் காயத்தின் தழும்பு. சித்தப்பா அவருக்காகத்தான் பின்வளவில் பூல் கட்டினார். தினமும் காலை ஐந்தரைக்கு, அக்கம்பக்கம் எழும்பமுதல், இறங்கி அரை மணித்தியாலம் நடப்பார். கால் வலிக்கு அது ஒன்றுதான் கேட்கிறது. ஊர்ப் பூலைப் பற்றி நான் பெரிதாகக் கதைத்தபோது கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “நீ சொல்லுறது சரி தம்பி. ஆனா எனக்கு இந்த வேலி வேணும்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. கூஜியில் பெண்களுக்கு மட்டுமான கடல் தடாகம் ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். காசில் ஹில்லிலிருந்து கூஜிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

பரமட்டாவுக்கு வருகிறேன், ஏனென்றால் நான் கடைசியாக முடிவை மாற்றியது அங்கேதான். நான் சப்பாத்தோடு இருந்து கை தட்டிய அந்தப் பழைய தடாகம் 1959இல் திறந்தது. போரில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டப்பட்டது. இந்த நாட்டில் அப்படிப் பல ஊர்களில் உண்டு. நினைவுத்தூணுக்குப் பதிலாக ஒரு தடாகம். 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியா நீச்சலில் மட்டும் 8 தங்கம் எடுத்த சூட்டில் இன்னும் பல முளைத்தன. பரமட்டாத் தடாகத்தை 2017இல் மூடினார்கள். பக்கத்தில் இருந்த விளையாட்டரங்கைப் பெரிதாக்கிக் கட்ட அந்த இடம் தேவைப்பட்டது. அரங்கு 2019இல் திறந்துவிட்டது. புதிய தடாகம் திறந்தது 2023 செப்டெம்பரில். இடையில் ஆறு கோடை.

அந்த ஆறில் ஒன்று 2019-20. 2020 ஜனவரி 4ஆம் திகதி பென்றித்தில் 48.9 பாகை. கடல்காற்று பொண்டாய்க்குப் போகும். எங்கள் பக்கத்துக்கு வருவதில்லை. அன்று நாங்கள் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குள் ஏசி போட்டுக்கொண்டு இருந்தோம். பரமட்டாவில் தடாகம் இல்லை என்பதே எனக்கு அன்று உறைக்கவில்லை. இறங்காதவனுக்கு மூடினால் என்ன, திறந்தால் என்ன?

செய்மதிப் படத்தில் எங்கள் பக்கத்தை மேலேயிருந்து பாருங்கள். வடக்கே காசில் ஹில் பக்கம் நீலத் துண்டுகள் கொட்டிக்கிடக்கும். தெற்கே வெஸ்ட்மீட், ஹரிஸ் பார்க் பக்கம் தொடர்மாடிக் கூரைகள், நீலத்தைத் தேடவேண்டும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் புதிதாக வருகிறவர்கள் முதலில் வந்து இறங்குவது அந்தக் கூரைகளுக்குக் கீழேதான். என் அப்பா அம்மாவும் அப்படித்தான், 80களில், வெஸ்ட்மீட்டில் ஒரு இரண்டு அறைத் தொடர்மாடியில். தடாகத்தை மீட்கக் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கூட்டங்களில் நான் இல்லை. எனக்குத் தெரிந்த தமிழர் ஒருவர்கூட இல்லை. எங்களில் வசதி வந்தவர்கள் வடக்கே நீலத் துண்டு வாங்கப் போய்விட்டோம், அல்லது போகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தோம்.

மெல்பேர்னில் இருக்கும் மச்சாளிடம் இதைச் சொன்னபோது, நான் அங்கே போன நேரம் என்னை ஃபிற்ஸ்ரோய்த் தடாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆழமான பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ‘அக்குவா புறோஃபொண்டா’ என்று எழுதியிருக்கிறது. இத்தாலிய மொழியில் ‘ஆழமான தண்ணீர்’. 1950களில் அந்தப் பக்கம் இத்தாலியக் குடும்பங்கள் நிறைய. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் ஆழத்தில் இறங்கிவிடுவார்கள். அவர்களைத் திரும்பத் திரும்ப இழுத்தெடுத்துக் களைத்த பொறுப்பாளர் அந்த எச்சரிக்கையை எழுதுவித்தாராம். அதில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. இத்தாலிய மொழியில் ஒரு ‘சி’ கூட வரவேண்டும். அந்தப் பிழையைத் திருத்தாமல் இன்றைக்கும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1994இல் அந்தத் தடாகத்தை மூடப் போனபோது ஊர்ச்சனம் திரண்டு நிறுத்தியது.

பிழையான எழுத்தில் ஒருவன் உன் பிள்ளைக்காக எழுதியிருக்கிறான். என் பிழையான தமிழில் இதை எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அந்தச் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும்போல இருந்தது.

பரமட்டாவின் புதிய தடாகம் திறந்த அடுத்த மாதம் மூன்று பேருக்குப் பதிந்தேன். மகளுக்குப் பிள்ளைகள் வகுப்பு, எனக்குப் பெரியவர்கள் தொடக்க வகுப்பு. மூன்றாவது ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்களுக்குச் சொல்லித்தந்தவர் பத்தொன்பது வயதுப் பல்கலைக்கழக மாணவி. வகுப்பில் ஏழு பேர்; எவரும் இங்கே பிறக்கவில்லை, என்னைத் தவிர. ஒரு கொரியத் தாத்தா, பேரப்பிள்ளையின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஓர் ஆப்கானித் தாய், தலையும் கையும் காலும் மூடிய நீச்சலுடையில். அந்த உடை எங்கள் சிட்னியில்தான், 2004இல், அகெடா சனெற்றி என்ற லெபனானியப் பின்னணிப் பெண் உருவாக்கியது என்று அவரே பெருமையாகச் சொன்னார். முதல் பாடம் தண்ணீருக்குள் முகத்தை வைத்து மூச்சு விடுவது. எனக்கு வரவில்லை. முகம் தண்ணீரைத் தொட்டதும், விரிந்து மிதந்த அந்தத் தலைமயிர் கண்ணுக்குள் வந்துவிடும். நாலு வகுப்பு நான் சுவரைப் பிடித்தபடி நின்றேன். ஐந்தாவது வகுப்பில் கொரியத் தாத்தா என் பக்கத்தில் வந்து, எதுவும் பேசாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு தன் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். நானும் வைத்தேன். அவருக்கும் என்னைப்போலவே பயம் என்பது அந்தப் பிடியில் தெரிந்தது.

இப்போது இருபத்தைந்து மீற்றர் போவேன். வடிவாக இல்லை, ஆனால் போவேன். மகள் என்னைவிட வேகம். மாதத்துக்கு ஒரு தடவையாவது “நாங்கள் ஏன் வீட்டில பூல் கட்டேல்லை?” என்று கேட்பாள். ஜனவரி வெயிலில், நிறைந்த கார் தரிப்பிடத்தில் மூன்றாம் தடவை சுற்றும்போது எனக்கும் அதே கேள்விதான். ஒரு தடவை, யாரோ ஒரு குழந்தை தண்ணீருக்குள் இருந்துவிட்டது என்று முழுத் தடாகத்தையும் காலிபண்ணிவிட்டார்கள். துவாயைச் சுற்றிக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்றோம். அன்று அம்மாவுக்கு அதைச் சொல்லவில்லை. இதை அவர் வாசிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

அந்த மூன்றாவது பதிவு அப்பாவுக்கு. ஐந்து மாதம் அவர் வரவில்லை. “எனக்கென்னத்துக்கு?” என்பார். முருங்கைக்காய் உரித்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கிணற்றைப் பற்றியும் அவர் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. போன மார்ச்சில் ஒரு நாள், நானும் மகளும் புறப்படும்போது, காருக்குப் பக்கத்தில் தோளில் துவாயோடு நின்றார். சாறம் கட்டிக்கொண்டு இறங்கலாமா என்று கேட்டார். இறங்க முடியாது என்றேன். வழியில் நிறுத்தி ஒரு நீச்சல் காற்சட்டை வாங்கினோம்.

பின்னேரம் நாலரை. ஆழமில்லாத பக்கத்தில் சனம் நிறைந்திருந்தது. அப்பா படிப்படியாக இறங்கினார். இடுப்பளவு, நெஞ்சளவு. பக்கத்தில் இரண்டு பெடியங்கள் பந்தை எறிந்து விளையாட, தண்ணீர் அவருடைய முகத்தில் அடித்தது. துடைக்கவில்லை. சுற்றிவரப் பார்த்தார். நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சீக்கியப் பெரியவர், குழந்தையை மிதக்கவிட்டுக்கொண்டிருக்கும் தாய், முகப்புக் கண்ணாடியைத் துப்பித் துடைக்கும் ஒரு பிள்ளை. ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, கீரிமலையில் செய்வதுபோல, ஒரே அமுக்கில் தலையோடு மூழ்கினார். எழும்பினார். மறுபடி மூழ்கினார். மூன்றாவது தடவை கீழே கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டார். காவலுக்கு நின்ற பெண் நாற்காலியிலிருந்து எழும்பி எங்கள் பக்கம் நடந்து வரத் தொடங்கினாள். நான் கையைக் காட்டினேன், பரவாயில்லை என்று. அவள் திரும்பவில்லை, அப்பா மேலே வரும்வரை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வந்தார். காதுக்குள்ளிருந்த தண்ணீரைத் தட்டிவிட்டு, முகத்தை வழித்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

“எத்தனை மணிக்கு மூடுவினம்?”